வண்டி நின்ற கொட்டகையில் ஒரு சிறு பட்டறை

வத்தலக்குண்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வீட்டின் பக்கச் சுவரையொட்டிச் சாய்ப்பு இறக்கி, அதில் மாட்டு வண்டியை நிறுத்துவது முன்பெல்லாம் வழக்கம். வண்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. சாய்ப்பு மட்டும் நிற்கிறது. இன்று அதனுள் எட்டிப் பார்த்தால் மோட்டார் சைக்கிள், கைத்தெளிப்பான், களையெடுக்கும் பவர் வீடர், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், பாதி கிழிந்த யூரியா மூட்டை, கால் உடைந்த கட்டில் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மண்வெட்டி வேண்டுமானால் கட்டிலை நகர்த்த வேண்டும். கட்டிலை நகர்த்த மூட்டையைத் தூக்க வேண்டும்.

இப்படித் தேடுவதில் நாளொன்றுக்கு 10 நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 200 நாள் வேலை நடந்தால் 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரம் ஆகிறது. நான்கு முழு நாள் வேலை தேடுவதிலேயே கழிகிறது. கூலிக்கு ஆள் வைத்து வேலை செய்யும் நாளில் இந்த நட்டம் ஆளுக்கு ஆள் பெருகும். இதைவிடப் பெரிய நட்டங்களும் இந்தக் கொட்டகையில் ஒளிந்திருக்கின்றன. ஈரம் குடித்துக் கட்டியான உரம், துருவேறிய கருவி, எலி கடித்த குழாய் ஆகியவை ஒரு பக்கம். குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்த மருந்துப் புட்டி மறுபக்கம்.

கொட்டகையைப் பெரிதாக்காமலே இவற்றில் பெரும்பகுதியைச் சரிசெய்ய முடியும். 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள ஒரு சாய்ப்பை எடுத்துக்கொள்வோம். தரையின் பரப்பு 150 சதுர அடி. முன்பக்கம் வாசல் போக மற்ற மூன்று சுவர்களையும் 6 அடி உயரம் வரை கணக்கிட்டால் 240 சதுர அடி வருகிறது. ஆகவே தரையைவிடச் சுவரில்தான் இடம் அதிகம். நம் வீடுகளிலோ எல்லாப் பொருளும் தரையில் கிடக்க, சுவரில் ஒரு காலண்டர் மட்டும் தொங்குகிறது.

முதல் வேலை வெளியேற்றுவது

ஒரு நாள் காலையில் கொட்டகையில் உள்ள அனைத்தையும் வெளியே வாசலில் கொண்டுவந்து பரப்ப வேண்டும். பாதியை உள்ளே வைத்துக்கொண்டு மீதியை ஒழுங்கு செய்ய முனைந்தால் வேலை முடியாது. கட்டைகளுக்கும் சாக்குகளுக்கும் அடியில் தேளும் பாம்பும் தங்கியிருக்கக்கூடும். எனவே வெறுங்கையை உள்ளே விடாமல் நீண்ட கம்பியால் கிளறிப் பார்த்த பிறகே தூக்க வேண்டும். காலில் செருப்பாவது இருக்கட்டும்.

வெளியே பரப்பிய பொருள்களை மூன்று குவியலாகப் பிரிக்கலாம். வாரந்தோறும் கைக்கு வருபவை ஒன்று. பருவத்துக்கு ஒருமுறை வருபவை மற்றொன்று. இரண்டு ஆண்டாக யாரும் தொடாதவை மூன்றாவது. இந்த மூன்றாவது குவியலைப் பார்க்கும்போதுதான் வீட்டில் வாக்குவாதம் எழும். ‘என்றைக்காவது உதவும்’ என்று சொல்லி எடுத்து வைத்த பழைய பம்பின் உறை, கம்பி போன மோட்டார், உடைந்த பி.வி.சி. முழங்கை ஆகியவற்றுக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் காசு, ஒரு பெட்டி புதிய ஆணியும் திருகாணியும் வாங்கப் போதும். அப்பா காலத்து ஏர்க்கலப்பையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் அதைப் பரணில் ஏற்றிவிடலாம். எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தே எறிய வேண்டும் என்பதில்லை.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பிரித்தல், இடம் குறித்தல், துடைத்தல், நிலைப்படுத்தல், பழக்கமாக்கல் என ஐந்து படிகளாக இதைக் கற்பிக்கின்றனர். பெயர்தான் புதிது. ஆயுத பூசைக்கு முன் கொல்லுப் பட்டறையிலும் தறிக் கூடத்திலும் காலம் காலமாக நடந்து வருவதும் இதுவே.

சுவரை வேலை வாங்குதல்

மண் சுவரிலும் சிமெண்டு ஹாலோபிளாக் சுவரிலும் நேரடியாக அடித்த ஆணி பளுவைத் தாங்காது. ஆகையால் மேலே உத்திரத்திலும் கீழே தரையிலும் பொருந்துமாறு 2 அடிக்கு ஒன்றாக ரீப்பர் கட்டைகளை நிறுத்தி, அவற்றின் குறுக்கே பலகைகளை அடிக்க வேண்டும். பழைய கதவுப் பலகை, தக்காளிப் பெட்டிச் சட்டம், பாக்கு மரச் சிராய் ஆகிய எதுவும் இதற்குப் பயன்படும். பலகையின் பின்புறம் வேப்பெண்ணெய் தடவி, அடிப்பாகம் மண்ணைத் தொடாமல் ஒரு செங்கல்லின்மேல் நிற்கும்படி செய்தால் கரையான் ஏறுவது குறையும்.

இந்தப் பலகையில் கருவிகளைத் தொங்கவிட வேண்டும். இடுப்புக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரம், குனியாமலும் எக்காமலும் எடுக்கக்கூடிய உயரம். அது மண்வெட்டி, களைக்கொத்து, ஸ்பேனர், திருப்புளி, குறடு முதலிய அன்றாடக் கருவிகளுக்கு உரியது. அரிவாள், வாழைத்தார் வெட்டும் கத்தி, கவாத்துக் கத்தரி ஆகியவை பிள்ளைகளுக்கு எட்டாதபடி சற்று மேலே, வெட்டுவாய் சுவரைப் பார்த்தபடி தொங்க வேண்டும். பழைய 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாயை ஒரு முழம் நறுக்கி நீளவாக்கில் கீறினால் அரிவாள் வாய்க்கு அருமையான உறையாகிவிடும். கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைப்பது ஆபத்து. சரிந்தால் காலை நசுக்கும். மூன்று அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைத் தரையை ஒட்டிப் பலகையில் பொருத்தி அதன் அடிமுனையை உள்ளே நிறுத்தி, மேலே ஒரு கொக்கியும் போட்டுவிட்டால் நகராது.

ஒவ்வொரு கருவியையும் அதன் இடத்தில் மாட்டிவிட்டு, அதைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டால் கோடு வரைந்துவிட வேண்டும். இது விளையாட்டு வேலைபோல் தோன்றும். ஆனால் மாலையில் பலகையை ஒரு பார்வை பார்த்தால், வெற்றுக் கோடாகத் தெரியும் இடத்துக்கு உரிய கருவி இன்னும் தோட்டத்தில்தான் கிடக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். இரவல் கொடுத்த பொருளும் இவ்வாறே நினைவுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தக் கோடு புரியும்.

சில்லறைப் பொருள்கள்தாம் அதிகத் தொல்லை தருபவை. சொட்டுநீர்ப் பாசனம் போட்ட தோட்டத்தில் டிரிப்பர், குரோமெட், இணைப்பான், முனைமூடி என்று கைப்பிடியளவு பொருள்கள் எப்போதும் தேவைப்படும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் முழு மானியத்தில் அமைத்துத் தரப்படுகிறது. அமைத்த பிறகு அது உழைப்பது இந்தச் சில்லறைப் பொருள்களை வேளைக்கு மாற்றுவதில்தான் இருக்கிறது. அகல வாய்க் கண்ணாடிப் புட்டிகளின் மூடியைப் பரணின் அடிப்பலகையில் இரண்டு திருகாணி கொண்டு முடுக்கிவிட்டால், புட்டியைத் திருகி மாட்டலாம், திருகிக் கழற்றலாம். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். எலியும் தூசியும் அணுகா. இதற்கு ஊறுகாய், காப்பித்தூள் புட்டிகளை எடுக்கலாம். மருந்துப் புட்டியை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது.

சொட்டுநீர்ப் பக்கக் குழாயைச் சுருட்டி ஓர் ஆணியில் மாட்டினால் மாட்டிய இடத்தில் மடிந்து நசுங்கும். பாதியாக அறுத்த பழைய மோட்டார் சைக்கிள் டயரைச் சுவரில் பதித்து அதன்மேல் மாட்டுவதே சரி. இரு முனைகளையும் துணி கொண்டு அடைக்காவிட்டால் குளவி கூடு கட்டிவிடும். அடுத்த பருவத்தில் தண்ணீர் வராதபோது பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏணியையும் நீண்ட மூங்கிலையும் கொட்டகைக்கு வெளியே, இறவாரத்தின் அடியில் படுக்கையாகத் தொங்கவிடலாம்.

வேலை மேசை

150 சதுர அடியில் நிலையான மேசை போட்டால் மோட்டார் சைக்கிள் நிற்க இடம் இராது. எனவே சன்னல் உள்ள வெளிச்சுவரில் 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள பலகையைக் கீல் கொண்டு இணைத்து, வேலை இல்லாதபோது மடக்கித் தொங்கவிட வேண்டும். மேசையின் உயரம் 33 முதல் 35 அங்குலம் வரை இருக்கலாம். நேராக நின்று முழங்கையை மடக்கிப் பார்த்தால் முழங்கையின் மட்டத்துக்கு வைஸின் வாய் வர வேண்டும் என்பதே பட்டறைக்காரர் கையாளும் அளவு. அதற்குக் கீழே போனால் முதுகு வலிக்கும்.

மடக்கும் மேசையில் வைஸ் பொருத்தினால் ஆடும். அதற்கு வேறு வழி உண்டு. ஒரு பருத்த புளியங்கட்டையை 2 அடி ஆழம் மண்ணில் புதைத்து, அதன் தலையில் 4 அங்குல வைஸை போல்ட் கொண்டு முடுக்கிவிடலாம். கொல்லர் உலைக்களத்தில் பட்டடைக்கல்லைப் புளியங்கட்டைமேல் வைப்பது அந்த மரம் அடியைத் தாங்கிப் பிளக்காமல் நிற்பதால்தான். வைஸ் இருந்தால் மண்வெட்டிக்குக் காம்பு போடுவது, அரிவாளுக்கு அரம் பிடிப்பது, குழாய் அறுப்பது ஆகியவற்றை ஒருவரே செய்துகொள்ளலாம்.

ஓட்டுக் கூரையாக இருந்தால் மேசைக்கு நேர் மேலே இரண்டு கண்ணாடி ஓடுகளை மாற்றிப் போட்டால் பகலில் விளக்கு வேண்டியதில்லை. மின் இணைப்பு வீட்டு மீட்டரிலிருந்து முறையாக வர வேண்டும். பம்புசெட்டு இணைப்பிலிருந்து இழுக்கக் கூடாது. கையில் பிடித்து இயக்கும் டிரில், கிரைண்டர் ஆகியவற்றுக்கு மூன்று முனை பிளக்கும், எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானும் தேவை. மழைக்காலத்தில் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று கிரைண்டர் ஓட்டுபவர்கள் இதைச் செலவு என்று நினைக்க வேண்டாம்.

ஒன்றுக்கொன்று ஆகாதவை

எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதில்தான் பெரும்பாலான கொட்டகைகள் தவறுகின்றன. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். மூரியேட் ஆப் பொட்டாஷில் குளோரைடு உள்ளதால் அதன் தூள் படும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடரின் ஆவியும் அப்படியே. ஆகவே உர மூட்டைகளைக் கருவிப் பலகைக்கு எதிர்மூலையில், தரையிலிருந்து 4 அங்குலம் உயர்ந்த கட்டைச் சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும். சுவருக்கும் மூட்டைக்கும் இடையே காற்றும் புகும், கையும் புகும். பிரித்த மூட்டையின் வாயை இறுகக் கட்டி வைக்க வேண்டும்.

மலைப்பகுதியில் தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் காப்பி, மிளகுக்குப் போர்டோ கலவை தெளிப்பவர்களிடம் மயில்துத்தம் இருக்கும். அதை இரும்பு டின்னில் வைத்தால் டின் அரித்துப் போகும். மருந்தும் கெடும். பிளாஸ்டிக் டிரம்மிலோ மண் பானையிலோ வைக்க வேண்டும். ஒரு சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்ற அளவும், பளபளப்பான கத்தியை நனைத்துச் செம்புப் படலம் படிகிறதா என்று பார்க்கும் முறையும் பலர் அறிந்தவையே. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அந்தக் கத்தியைக் கழுவித் துடைத்த பிறகே பலகையில் மாட்ட வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகின்றனர்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். வெயில் அடிக்கும் தகரக் கூரையின் கீழ் பூச்சிமருந்தோடு சேர்த்து வைத்தால் பை மட்டுமே மிஞ்சும். இவற்றுக்கும் விதைக்கும் வீட்டினுள் குளிர்ந்த, உலர்ந்த ஓர் அலமாரியே இடம்.

களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது நல்லது. 2,4-டி தெளித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் தக்காளிக்கோ பருத்திக்கோ பயன்படுத்தினால், ஒட்டியிருந்த சிறிதளவே இலைகளைச் சுருக்கி, குருத்தைத் திருக்கிவிடும். வத்தலக்குண்டுப் பகுதியில் தக்காளி முக்கியப் பயிர். இரண்டு தெளிப்பான்களும் ஒரே நிறமாக இருந்தால் களைக்கொல்லித் தெளிப்பானின் முதுகில் சிவப்புப் பெயிண்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, வேறு சுவரில் மாட்ட வேண்டும். எந்தத் தெளிப்பானையும் மும்முறை கழுவி, கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே தெளித்துவிட்டு, தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவக் கூடாது. நாசில் அடைத்தால் மெல்லிய தூரிகை போதும். கம்பி விட்டால் துளை பெரிதாகும். வாயால் ஊதுவது நஞ்சை விழுங்குவதற்கு ஒப்பாகும்.

பவர் வீடரை ஒரு மாதத்துக்குமேல் நிறுத்தி வைப்பதானால் டாங்கியிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். தற்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். நெடுநாள் நின்றால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் கேனைக் கிரைண்டர் பொறி பறக்கும் மேசைக்கு அருகிலோ பாட்டரி சார்ஜ் செய்யும் இடத்திலோ வைக்கக் கூடாது. பாட்டரித் தெளிப்பானைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மூலையில் போட்டுவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பாட்டரி உதவாது. பயன்படுத்தாத காலத்திலும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும்.

மருந்துக்கு இந்தக் கொட்டகையில் இடம் உண்டா?

வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் பூச்சிமருந்து வைக்காமலிருப்பதே சிறந்தது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிய வந்தது. உணவுப் பொருளும் நஞ்சும் அருகருகே வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மருந்தைக் குழந்தைகள் குடித்துவிடும் செய்திகளும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மருந்து எப்போதும் வாங்கிய புட்டியிலேயே, சீட்டு கிழியாமல் இருக்க வேண்டும். சீட்டிலுள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் வீரியத்தைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்பதால் பாதகமில்லை என்று பொருளல்ல. தோட்டத்தில் பம்பு அறை இருந்தால் அங்கே, கிணற்றுக்குள் கசிய வாய்ப்பில்லாத சுவரில், பூட்டுள்ள இரும்புப் பெட்டியைப் பதிக்கலாம். பெட்டிக்குள் தூள் மருந்து மேல் தட்டிலும் திரவ மருந்து கீழ்த் தட்டிலும் இருக்கட்டும். புட்டி ஒழுகினாலும் தூளை நனைக்காது. களைக்கொல்லிக்குத் தனிப் பெட்டி வேண்டும். தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு வீட்டிலும் கொட்டகையிலும் இடமே இல்லை. ஈரம் பட்டால் அதிலிருந்து வெளியாகும் பாஸ்பீன் வாயு உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

பூட்டு குழந்தைகளைக் காக்கும். ஆனால் பூட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் பூட்டுப் பெட்டி கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளிவந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களில் மருந்து குடித்துத் தற்கொலைக்கு முயல்வது குறையவில்லை. அந்நாட்டில் அத்தகைய இறப்புகள் குறைந்தது, 1995 முதல் கொடிய மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்த பிறகே. சிறு விவசாயி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தெளிப்புக்குத் தேவையான அளவு மட்டுமே வாங்கி, அன்றே தீர்த்துவிட்டால் வைப்பதற்கு மருந்தே இராது. அரை லிட்டர் மிஞ்சும் என்று தெரிந்தால் பக்கத்துத் தோட்டக்காரருடன் பங்கிட்டு வாங்கலாம். மலிவு என்று பெரிய புட்டி வாங்குவது மலிவாக முடிவதில்லை. காலிப் புட்டியை மும்முறை கழுவித் துளையிட்டுவிட வேண்டும். தவறி யாராவது குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 108-ஐ அழைத்து, புட்டியைச் சீட்டுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எதை வாங்காமலிருப்பது

இடத்தை மிச்சம் பிடிப்பதில் மிகச் சிறந்த வழி, ஆண்டில் நான்கு நாள் ஓடும் கருவியை வாங்காமலிருப்பது. ரோட்டவேட்டர், குழி தோண்டும் கருவி முதலியவற்றை வேளாண்மைப் பொறியியல் துறையிடம் வாடகைக்குப் பெறலாம். 2018-ல் தொடங்கப்பட்ட உழவன் செயலி வழியாகவும் முன்பதிவு செய்யும் வசதி உள்ளது. டிரில், கிரைண்டர், உயர ஏணி ஆகியவற்றை நான்கு பேர் சேர்ந்து வாங்கி, ஒருவர் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே இதில் மனத்தாங்கல் வருவதுண்டு. யார் எடுத்தார், எப்போது தந்தார் என்று குறிக்க, கதவின் பின்புறம் ஒரு சிலேட்டைத் தொங்கவிடுவது நல்லது.

மாறாக, சில பொருள்கள் எப்போதும் கொட்டகையில் இருக்க வேண்டும். பம்பின் கிளாண்டுக் கயிறு, புட்வால்வு வாஷர், ஸ்டார்ட்டருக்கு உரிய பியூஸ், பி.வி.சி. ஒட்டும் பசை, டெப்லான் டேப், ஹேக்ஸா பிளேடு இரண்டு, தெளிப்பானின் வாஷர், பழைய சைக்கிள் டியூப் ஒரு முழம் ஆகியவை ஒரு சிறு பெட்டியில் அடங்கும். முறைத் தண்ணீர் வரும் இரவில் வாஷர் கிழிந்தால், மறுநாள் வத்தலக்குண்டுக் கடைவீதி திறக்கும்வரை பயிர் காத்திருக்க நேரும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும். அதற்குச் சற்று முன்னதாக, புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ ஆயுத பூசை வந்துவிடுகிறது. கருவிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு முன், துருவைத் தேய்த்து, நன்கு உலர்த்தி, இரும்புப் பாகத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்கலாம். கழிவு எஞ்சின் ஆயிலை மண்வெட்டிக்குத் தடவலாம். கீரையும் பழமும் அறுக்கும் கத்திக்குத் தேங்காயெண்ணெயே தகும். ஆடிய காம்புகளுக்கு ஆப்பு அடிப்பது, கூரையில் ஒழுகும் ஓட்டை மாற்றுவது, பெட்டியில் தீர்ந்த வாஷர்களைக் குறித்து வைப்பது ஆகியவற்றையும் அன்றே முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை ஆடிப்பட்ட விதைப்புக்கு முன் செய்ய வேண்டும். அப்போது தெளிப்பான், பவர் வீடர், சொட்டுநீர்க் குழாய் ஆகிய மூன்றையும் ஓட்டிப் பார்த்து வைப்பது போதும்.